குப்பைக்குள் ஒரு கொலைக்கதை

“அந்தப் பெட்டியோட விசிறி ரொம்பச் சத்தம் போடுதுங்கறது உண்மைதான். அதை நான் மறைக்கல,” என்றேன்.

“அத்தான், விசிறியைப் பத்தி இங்க யாரும் கேக்கல,” என்றான் என் மனைவியின் தம்பி.

சரிதான். அவர்கள் கேட்டது வேறு. ஆனால் ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அதன் குறையிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். கூடத்தில் என் மனைவி, அவள் தம்பி, மாமனார், நான் என்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். செருப்பு அலமாரியின் மேல் அந்தப் பழைய கணினி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் கழித்துப்போட்டதை எடுத்து வந்து, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, வீட்டுக் கோப்புகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும்படி அதை வீட்டுச் சர்வராக ஆக்கியிருந்தேன். கல்யாணப் படங்கள், மின்கட்டண ரசீதுகள், மனைவி தயாரிக்கும் வினாத்தாள்கள், எல்லாம் அந்தச் சர்வரில்தான். மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். “சக்களத்தி எந்திரிச்சாச்சா?” என்பாள் காலையில். நான் கோபித்துக்கொண்டதில்லை.

அதில் ஒரு வசதி செய்திருந்தேன். யாராவது ஒரு கோப்பை அழித்தால் அது உடனே அழிந்துவிடாது. ‘குப்பை’ என்ற கோப்புறைக்குப் போய் ஒரு மாதம் கிடக்கும். அதன் பிறகே சர்வர் பெருக்கித் தள்ளும். கைதவறி அழிப்பவர்களுக்கான ஏற்பாடு. அங்கே ஒருவர் குடியேறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாமனார் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வேலியைத் தள்ளி நடுவான் என்ற சந்தேகத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். எங்களோடு வந்து தங்கியதும் துப்பறியும் நாவல் ஒன்று எழுதத் தொடங்கினார். முடியும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது. தன் கோப்புறையை மகள் திறந்து பார்ப்பாள். குப்பையை யார் கிளறப் போகிறார்கள்? ஆகவே தினமும் எழுதி முடித்ததும் நாவலை அழித்துவிடுவார். மறுநாள் குப்பையிலிருந்து எடுத்து, மேற்கொண்டு எழுதி, மறுபடியும் அழிப்பார். இதற்கு அவர் சொன்ன பெயர் பத்திரப்படுத்துவது.

ஒருநாள் சர்வர் இடமில்லை என்று முறையிட்டது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடிப் போனேன். மனைவி அழித்த காணொளிகள் குப்பையில் மலைபோலக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே நாவல். பார்க்காமல் எதையும் தள்ளக் கூடாது என்பது என் கொள்கை. பார்த்தேன்.

கதையில் ஒரு மருமகன் வருகிறான். கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். முதல் அத்தியாயத்திலேயே கொலையாகிவிடுகிறான். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. துப்பறியும் கதை என்றால் யாராவது சாகத்தான் வேண்டும். ஆனால் அவன் செத்தது மூன்றாம் அத்தியாயம் வரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நாற்றம் எடுத்த பிறகும், ‘அவர் மெஷின் ஏதோ சூடாயிடுச்சு போல’ என்று சொல்லிவிட்டு அவன் மனைவி ஜன்னலைத் திறக்கிறாள்.

நன்றாக எழுதப்பட்ட இடம் அது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன். பிறகு, ஜன்னலைத் திறக்குமுன் அந்தப் பெண் ஒரு கணம் தயங்குவதாக ஒரு வரி சேர்த்தேன். யாருக்கும் நஷ்டமில்லாத வரி. அடுத்த வாரம் அவள் அழுதாள். அதற்கடுத்த வாரம் மருமகனுக்கு லேசாக நாடி துடித்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். நாற்றத்துக்குக் காரணம் ஓர் எலி என்று மாற்றிவிட்டேன்.

வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்ட மாமனார், இந்த ஒரு விஷயத்தில் தன்னை மட்டும்தான் சந்தேகப்பட்டார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

“மாப்ள, நாம ஒருத்தனைக் கொன்னுட்டோம்னு வைங்க. அது மறந்துபோகுமா?”

“யாரை மாமா?”

“ஒரு பேச்சுக்குத்தான்.”

“வயசானா சின்னச் சின்ன விஷயமெல்லாம் மறக்கும் மாமா. மனசுல வச்சுக்காதீங்க,” என்றேன்.

அதன் பிறகு அவர் கடைக்குத் தனியாகப் போவதை நிறுத்தினார். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அரைநாள் விடுப்பு போட்டு, வண்டியும் நானே ஓட்டினேன். மருத்துவர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வெளியே வரும்போது மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க இல்லேன்னா என் கதி என்ன ஆகும் மாப்ள?”

அது என்னை என்னவோ செய்தது. அவர் ஆறாம் அத்தியாயத்தோடு நின்றுபோயிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் அத்தியாயத்தை முழுக்க நானே எழுதினேன். மருமகன் மாமனாரைத் தோளில் சுமந்துகொண்டு எரிகிற வீட்டிலிருந்து வெளியே வருகிறான்.

அங்கேதான் கோட்டை விட்டேன். லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார் என்று குறித்து வைத்திருக்கும். என் பிரதியை அவர் பிரதியின் இடத்தில் வைத்தால் அது என் பேரில் இருக்கும். வெளியே வருமுன் அவர் பேருக்கு மாற்றிவிடுவது வழக்கம். அன்றைக்கு எழுதின மயக்கத்தில் மறந்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் முதல் அத்தியாயத்தில் ஒரு வார்த்தையைச் சரிசெய்து சேமிக்கப் போனார். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது சர்வர். அவர் ஏழாம் அத்தியாயம் வரை போகவே இல்லை. கணினியை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டு, “எனக்குத் தலை போயிடுச்சும்மா. பாத்துக்கற இடமா பாத்து எங்கயாவது சேத்துடுங்க,” என்று சொல்லியிருக்கிறார். நான் அலுவலகத்தில் இருந்ததால் அவள் தம்பியை அழைத்தாள். அவனுக்கு லினக்ஸ் அரைகுறையாகத்தான் தெரியும். அந்த அரையே போதுமானதாக இருந்தது.

“ஓனர்னு உங்க பேர் இருக்கு அத்தான்,” என்றான் இப்போது.

“அப்பா பெட்டி கட்டி வச்சிருக்காரு,” என்றாள் மனைவி. “சட்டையெல்லாம் மடிச்சு. தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். சாயங்காலம் வந்ததும் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்ததே நான்தான்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். ஒரு மனுஷனைப் பைத்தியம் ஆக்கப் பார்த்தேன் என்று மச்சான் சொன்னதையும் மறுக்கவில்லை. சொல் கொஞ்சம் கடுமை, அவ்வளவுதான். ஆனால் அவருடைய ஒரு வரியைக்கூட நான் அழிக்கவில்லை. சர்வர் தினமும் நகல் எடுத்து வைப்பதால், அவர் எழுதினதெல்லாம் நாள்வாரியாக இரண்டாம் வன்தட்டில் அப்படியே இருக்கிறது. அடுத்தவர் கோப்பை நாசம் செய்கிற ஆள் நான் இல்லை.

மாமனார் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“அப்ப நான் அவனைக் கொன்னது நெசந்தானா?”

“நெசம்தான் மாமா. ஒரே போடா போட்டீங்க.”

“நாத்தம் வந்தது?”

“வந்துச்சு. எலி நான் வச்சது.”

“அந்த எலியை எனக்கு அப்பவே பிடிக்கல,” என்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். “பெட்டியைப் பிரிச்சிடும்மா. தலை சரியாத்தான் இருக்கு.” மாதக்கணக்கில் காணாத தெளிவு அந்த முகத்தில் இருந்தது.

மச்சான் சர்வரின் முன்னால் போய் உட்கார்ந்து கடவுச்சொல்லைக் கேட்டான். சொன்னேன். பழைய பிரதியை மீட்டு வைத்துவிட்டு, நான் எழுதினதை ஒன்றுவிடாமல் துடைத்துவிடப் போவதாகச் சொன்னான். அது நியாயம்தான். கட்டளையை அடித்து முடித்துவிட்டு, கடைசி விசையை அமுக்க விரலைத் தூக்கினான்.

“மாமா,” என்றேன், “அவன் அதை அமுக்கறதுக்கு முன்னாடி, ஏழாம் அத்தியாயத்தை மட்டும் ஒரு தடவை படிச்சிட்டு, எப்படி வந்திருக்குன்னு சொல்றீங்களா?”