எதிர்வீட்டு வாசலில் நின்ற கார்

எங்கள் தெரு முனையில் ஒரு பலகை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. என் கையெழுத்துதான். நாள் வாடகை வீடுகளுக்கு வருகிறவர்கள் தெருவில் காரை நிறுத்தக் கூடாது. பின்னால் உள்ள காலிமனையில் விட வேண்டும். தெருச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மற்றவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த விதியை நிறைவேற்றிவிட்டேன்.

எதிர்வீட்டு முத்துமீனாள் மாடியை நாள் வாடகைக்கு விடுகிறாள். அம்மன் கோவில் தபசுத் திருவிழா சமயத்தில் ஊர் கொள்ளாத கூட்டம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் வந்த ராஜபாளையத்துக்காரர்களின் கார் கண்ணாடியில் அறிவிப்பு மட்டும் ஒட்டினேன். பசை கொஞ்சம் கூடிவிட்டது. அடுத்து வந்த காரில் காற்றை இறக்கினேன். படிப்படியாகத்தான் போனேன்.

இந்தத் தபசுக்கு வந்து நின்றது என் மகள் வித்யாலட்சுமியின் கார். அவளும் மருமகன் விஜய்சங்கரும் கனடாவுக்கே குடிபோகிறார்கள். கிளம்புமுன் அம்மனைக் கும்பிட வந்தார்கள். தங்கியது முத்துமீனாள் மாடியில்.

"அங்கன ஏசி இருக்குப்பா. உங்களுக்கும் சிரமம் வேண்டாம்னுதான்" என்றாள் வித்யா.

எனக்கு என்ன சிரமம்? மெத்தைகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அவர்கள் கிளம்பும் நாள் சாயங்காலம் மதுரையில் விமானம். காலையில் அவர்கள் கோவிலுக்குப் போயிருந்தபோது சாக்குத் தைக்கும் கோணூசியோடு போனேன். நான்கு டயரையும் குத்தினேன். ஒன்றோடு விட்டால் ஸ்டெப்னி இருக்கிறதே. சொந்த மகள் கார் என்று பார்த்தால் விதியை யார் மதிப்பார்கள்?

மருமகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திருவிழாவில் எந்தப் பஞ்சர் கடையும் திறக்கவில்லை. "மாமா, உங்களுக்குத்தான் இங்கன ஆள் தெரியும். ஒரு டாக்ஸி சொல்லுங்களேன்" என்றார். ஆகட்டும் என்றேன்.

பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்து காத்திருந்தார்கள். மனைவி போன பிறகு சமையல் நான்தான். தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன்.

"அப்பா, டாக்ஸி எங்கன வருதாம்?"

"கூட்டத்துல மாட்டிக்கிட்டானாம் மக்கா. வந்துருவான். இன்னுங் கொஞ்சம் சொதி ஊத்துதேன்."

விமானம் போய்விட்டது. சொன்ன நாளில் போய்ச் சேராததால் மருமகனின் புது வேலையும் போய்விட்டதாம். வித்யா என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்தது அன்றைக்குத்தான். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஊசியும் கையுமாக நான் குனிவது முத்துமீனாள் வீட்டுக் கேமராவில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். சரிதான், டயரைக் குத்தியது நான்தான். டாக்ஸிக்கு நிஜமாகவே போன் பண்ணினேனா என்று என் மகள் கேட்கச் சொன்னாள் என்கிறீர்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. டாக்ஸி வந்தால் அதுவும் எங்கள் தெருவில்தானே நிற்கும்.