மேல்மாடித் தாழ்வாரக் கேமரா அணைந்தது பற்றி

என் பெயரும் கதவு எண்ணும் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. கணவர், மாமியாருடன் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். முதியோர் இல்லத்தில் கம்ப்யூட்டர், போன், கேமரா ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலை பார்த்து வந்தேன். மேல்மாடிப் பணிப்பெண்ணை, அதாவது நாங்கள் சின்னக்கா என்று கூப்பிடுபவரை, வேலையில் சேர்ந்த நாள் முதல் தெரியும். உறவு ஏதும் இல்லை.

மேல்மாடியின் போன்களுக்கும் கேமராக்களுக்கும் தனி மின்சார வயர் கிடையாது. நெட்வொர்க் ஸ்விட்ச் என்னும் ஒரே பெட்டியிலிருந்து, தகவல் போகும் கேபிள் வழியாகவே மின்சாரமும் போகிறது. மொத்தம் 370 வாட்டுக்கு மேல் அதனால் தர முடியாது. தேவை அதைத் தாண்டினால், முன்னுரிமை குறைந்த இணைப்பை அதுவே நிறுத்திவிடும். ஆகவே போன்களை முதலிலும் கேமராக்களைக் கடைசியிலும் நான்தான் வைத்தேன். யாரும் சொல்லி வைக்கவில்லை.

சென்ற மாதம் மேலாளர் வெளியாள் ஒருவரைக் கொண்டு, வாசலுக்கென்று சுழலும் கேமராக்கள் இரண்டை அதே பெட்டியில், முன்னுரிமையில் தாழ்வாரக் கேமராவுக்கு முன்னதாக வைத்து, இணைத்தார். பனியில் கண்ணாடி மங்காமலிருக்க அவற்றுள் சூடேற்றி உண்டு. குளிர் கூடினால் சூடேற்றி இழுக்கும் மின்சாரத்தைப் பெட்டி தாங்காது, இன்னொன்று வாங்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றார்.

சம்பவத்தன்று காலை கடும் பனி. உணவுக்கூடத்தில் இருந்தபோது, மேல்மாடித் தாழ்வாரக் கேமரா அணைந்ததாக என் செல்போனுக்குத் தகவல் வந்தது. அப்போது சின்னக்கா என் எதிரில் நின்று, மாடியிலிருக்கும் பெரியவருக்காக ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் கிண்ணத்துடன் மாடிக்குப் போனார். நான் மேலாளரிடம் சொல்ல அலுவலகத்துக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கையில் அங்கிருந்த போன் அடித்தது. நான் எடுத்தேன். மறுமுனையில் சின்னக்கா.

"ஐயா விழுந்துட்டாரு. தலையில ரத்தம். ஓடி வாங்க."

நாங்கள் மேலே போனபோது சின்னக்கா தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து, பெரியவரின் தலையை மடியில் வைத்து, துண்டை மடித்துக் காயத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். தாழ்வாரத்துப் போனின் ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. கிண்ணம் நாற்காலியின் மேல் சிந்தாமல் இருந்தது. அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது.

அதன் பிறகு, சின்னக்கா கேமராவை அணைத்துவிட்டுத் தன் தகப்பனாரைத் தள்ளியதாகப் பெரியவரின் மகன் புகார் கொடுத்ததை அறிந்தேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார், பேச்சு இன்னும் திரும்பவில்லை. மேலாளர் என்னைத் தனியே அழைத்து, கேமரா வயரை யாரோ பிடுங்கியிருந்ததாகச் சொல்லச் சொன்னார். முடியாது என்றேன். "அப்ப நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார். நான் போகவில்லை.

பெரியவர் எப்படி விழுந்தார் என்பதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லவும் மாட்டேன். கேமராவை அணைத்தது சின்னக்கா இல்லை, அந்தப் பெட்டிதான் என்பது எனக்குத் தெரியும்.

இன்று காலை போலீஸ் நிலைய வராந்தாவில் சின்னக்கா உட்கார்ந்திருந்தார். "அந்தக் கேமரா ஓடியிருந்தா என்னை இங்க உக்கார வச்சிருக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். கேமராவை முன்னுரிமையில் முதலில் வைத்திருந்தால், அவர் எங்களைக் கூப்பிட்ட தாழ்வாரத்துப் போன் அணைந்திருக்கும் என்றும் சொன்னேன்.

அதற்கு அவர், "அப்ப நீ வச்சதே இருக்கட்டும்" என்றார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அத்தனையும் உண்மை.

ஒப்பம்.