கறுப்புக் கண்ணாடி

பம்புசெட்டுகளுக்குக் கரண்டு வந்த புதிது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்த சின்னவள், மடியில் வேர்க்கடலைப் பையை வைத்துக்கொண்டு பெரியவளிடம் சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு அழுத அழுகையில கெணத்துச் சண்டையே தீந்துபோச்சுக்கா."

அதற்குப் பிறகு நான் பேப்பரை விரித்து மட்டும் வைத்திருந்தேன்.

"அவுரு பெரியப்பா எழவுலயா? ரெண்டு ஊடும் பேசிக்கிறதே இல்லியேடி."

"மோட்டாரு கொட்டாய்க்குத் தானே கதவு செய்யறேன்னு பழைய வெல்டிங் செட்டு வாங்கியாந்தாரு. பகலு பூரா வெறுங்கண்ணால பாத்து பாத்து பத்தவெச்சிக்கினு இருந்தாரு. ராத்திரி கண்ணுல மண்ணு வாரிப் போட்டாப்புல எரிச்சல். விடிஞ்சா எழவு சேதி."

"அப்புறம்?"

"கண்ணு வீங்கி, தண்ணி தாரையா ஊத்துது. பெத்த புள்ளைங்ககூட அப்பிடி அழல. பெரியவரு மொவன் இவரைக் கட்டிப் புடிச்சுக்கினு, 'கெணத்துல பாதி மொறை உனுக்குத்தாண்டா தம்பி'ன்னுட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நானும் கூட உக்காந்து ஒப்பாரி வெச்சேன்."

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இப்பவாச்சும் கண்ணாடி வாங்கினாரா?" என்றாள்.

"கறுப்புக் கண்ணாடி வாங்கியாந்தாரு, கதவு வேலை இன்னும் பாதி கெடக்குதே. நான்தான் கேப்பைப் பானையில ஒளிச்சு வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கருமாதி. பெரிய மனுஷங்க முன்னால கெணத்துப் பேச்சை முடிக்கணும்ல. அது வரைக்கும் அங்கியே இருக்கட்டும்."