தூசி டாக்டரின் சுத்தமான பட்டறை

வீட்டில் ரம்பம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். முதலில் ரம்பத்தை வாங்கிவிடுகிறார்கள். தூசியைப் பற்றி, இருமல் வந்த பிறகு யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன் என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒத்துக்கொள்வதற்காகத்தானே என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மேசை ரம்பம் பலகையைத் தின்பதைவிடத் துப்புவது அதிகம். கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம், மீதி அறுப்பவன் மூக்கில். தரையில் விழுகிற தூளுக்கு விளக்குமாறு போதும். மாவைவிட நைசாகக் காற்றிலேயே நிற்கிறதே ஒன்று, அதுதான் நெஞ்சுக்குள் போய்க் குடித்தனம் செய்யும். வீட்டில் மரவேலை செய்கிறவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. இதையெல்லாம் விளக்கி விளக்கியே அங்கே எனக்குத் 'தூசி டாக்டர்' என்று பெயர் வந்தது. கிண்டலாக வைத்த பெயர்தான். நான்கு மாதத்தில் மரியாதையாகிவிட்டது.

இனி அண்ணன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம்தான் நின்றதே தவிர, முதல்வர் வேலையை அவர் விடவில்லை. காப்பிக் கோப்பையின் காது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் மூன்று காரணங்கள் இருந்தன. அண்ணி போன பிறகு அவருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மருந்தைவிடச் சுத்தமான காற்றுதான் முக்கியம், அது மட்டும் கிடைத்தால் இன்னும் பத்து வருஷம்கூடத் தள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு மாதம் தங்கிப் போகிறேன் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதத்துக்கு இரண்டு பெட்டி போதும். அவர் கொண்டுவந்தது பதினொன்று.

என் பட்டறைக்கு அடுத்த அறையைக் கொடுத்தோம். நல்ல வெளிச்சம் உள்ள அறை. அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய நாளிலிருந்தே, பலகைகளை ஒட்டிப் பூட்டுகிற பெரிய மேசையை அங்கே போட அளவெடுத்து வைத்திருந்தேன். சுவரில் பென்சில் கோடுகூட இருந்தது. அண்ணன் அதன்மேல் நாட்காட்டியை மாட்டினார்.

பார்க்க வருகிறவர்களிடம், "தம்பிக்கு இது ஒரு பொழுதுபோக்கு. பாவம், ஏதாவது தட்டிக்கிட்டு இருப்பான்" என்பார். நான் கோபப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை முறை சொன்னார் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. பத்தொன்பது.

கட்டுப்படியாகிற விலையில் ஒரு தூசி உறிஞ்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது புரியாமல் மற்றது புரியாது. ஆலைகளில் இருப்பதுபோல் இரண்டு பெரிய பைகள் தொங்கும் இயந்திரம் இருக்கிறது. விலையை விடுங்கள், அதை வைத்தால் மனிதன் வெளியே நிற்க வேண்டியதுதான். நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது ஒரு சாதாரண வாக்குவம் கிளீனர், அதற்கு முன்னால் மூடி போட்ட பழைய பெயிண்ட் வாளி. காற்று வாளிக்குள் சுழலும். கனமான தூள் வாளியிலேயே விழுந்துவிடும். நைசான தூள் மட்டும் வாக்குவத்துக்குப் போகும். அதைப் பிடிக்கத் தனியாக நுண்வடிகட்டி ஒன்று வாங்கிப் பொருத்த வேண்டும். கடையில் கூடவே தருகிற பஞ்சு உறை எதையும் பிடிக்காது. அதன் வழியாக உள்ளே போனது அப்படியே பின்பக்கம் வெளியே வரும்.

அப்புறம் சத்தம். வாக்குவம் போடுகிற கூச்சலில் நாம் அறுப்பது மரமா விரலா என்றே தெரியாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் சுவரில் துளை போட்டு, குழாயை இந்தப் பக்கமும் வாக்குவத்தை அந்தப் பக்கமுமாக வைப்பார்கள். என் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் அறை. சுவரோடு சேர்ந்த அலமாரியில் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. அவரிடம் போய், சத்தத்தில் காது இரைகிறது என்று சொன்னேன்.

"இதுக்கு எதுக்குடா இவ்வளவு தயக்கம்? என் பக்கம் வச்சுக்கோ. எனக்கு எப்படியும் காது பாதி மந்தம்" என்றார்.

அவருடைய காது நன்றாகவே கேட்கும்.

மூடிய அலமாரிக்குள் மோட்டார் சூடாகிவிடும். அதனால் கதவில் ஆறு நீளத் துளைகள் வெட்டினேன். மோட்டாருக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று அண்ணனுக்கு விளக்கினேன். அவர் தலையாட்டி, துளைகள் ஒரே அளவில் இல்லை என்று சுட்டிக்காட்டினார். துளைகளுக்கு நேர் எதிரே அவர் கட்டில்.

பட்டறை பளிச்சென்று ஆகிவிட்டது. காற்றில் உள்ள தூசியை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன். எத்தனை பலகை அறுத்தாலும் பச்சை விளக்கு மாறவில்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். வெள்ளைச் சட்டையோடு வேலை செய்யலாம் போலிருக்கிறதே என்று ஒருவர் எழுதினார். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இன்னொரு படம் எடுத்தேன்.

மூன்றாவது வாரம், அண்ணன் மதியம் கண்ணயர்ந்திருந்தபோது கருவியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். உள்ளே நுழைந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்கள் ஏறி, கடைசியில் எண் இல்லாமல் வெறும் கோடு நின்றது. அளவு மீறினால் அப்படித்தான் காட்டும் என்று கையேட்டில் இருக்கிறது. ஆக, கருவியில் கோளாறு இல்லை. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் மனைவிதான் அந்த அறையைப் பெருக்குவாள். ஒருநாள் கருப்பு மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"பட்டறை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. உங்க அண்ணன் ரூம் பட்டறை மாதிரி இருக்கு. நேத்துதான் துடைச்சேன்."

தெருத் தூசி என்றேன். தெருவில் பலகை அறுக்கிறார்களா என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னேன். சாத்தினாள்.

அண்ணன் இளைக்க ஆரம்பித்தார். ஒரு வாக்கியத்துக்கு நடுவே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஒருவகையில் அவர் பேச்சு முதல்முறையாகக் கேட்கும்படி இருந்தது. மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் தூசி, புகை ஏதாவது உண்டா என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணனே முந்திக்கொண்டார்.

"தம்பி மரவேலை செய்றான் டாக்டர். ஆனா நீங்க வந்து பாக்கணும். பட்டறையில ஒரு தூசு கிடையாது."

அவர் சொன்னது உண்மை. நான் தலையாட்டினேன். நான் பொய் சொன்னதாக உங்கள் காகிதத்தில் எங்கேயாவது இருந்தால் அடித்துவிடுங்கள்.

வரும் வழியில் ஒரு புத்தக அலமாரி செய்து தரச் சொன்னார். பதினொரு பெட்டியில் ஒன்பதில் புத்தகம். என்னிடம் அவர் கேட்ட முதல் மரச்சாமான் அது. செய்யலாம் என்றேன். அதற்கு மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை எடுத்தேன். மலிவாகக் கிடைக்கும், நேராக நிற்கும். அறுக்கும்போது எல்லா மரத்தையும்விட நைசான தூசி வருவதும் அதில்தான்.

சாயங்காலங்களில் அறுப்பேன். அலமாரிக்கு வேண்டிய பலகைகள் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டன. அதன்பிறகு அறுக்க வேலையில்லை. மீதிப் பலகையை நீளவாக்கில் ஓட்டிக் கீற்றுக் கீற்றாக எடுப்பேன். கீற்றுகளைக் குறுக்கே அறுப்பேன். மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த துண்டுகள் எதற்கு என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். எதற்கும் இல்லை. ஐந்து மாதத்துத் துண்டுகள் அவை.

கடைசி வாரம் அண்ணனால் எழுந்து உட்கார முடியவில்லை. அறுப்பதை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பது முக்கியம்.

"வேணாண்டா. பக்கத்துல நீ வேலை செய்ற சத்தம் கேட்டா, துணைக்கு ஆள் இருக்குன்னு தோணுது." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அலமாரிதானே? அவசரமில்லை."

நான் போய் ரம்பத்தைப் போட்டேன்.

அவர் போன பிறகு ஊரிலிருந்து வந்த உறவுகள், உடம்பு இவ்வளவு மோசமாக இருந்தவரைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாய் என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். அவர்கள் கிளம்பிய மறுநாள் பட்டறைப் பரணிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன அது?"

"நுண்வடிகட்டி. வாக்குவத்துக்கு."

"எப்ப வாங்கினது?"

தேதி போட்ட ரசீது பெட்டியிலேயே ஒட்டியிருந்தது. கருவி சிவப்பு காட்டிய அந்த மூன்றாவது வாரத்துத் தேதி. இப்போது மட்டும் எதற்கு என்று கேட்டாள். அந்த அறையில் இனி நான்தானே வேலை செய்யப்போகிறேன் என்றேன். கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

காலையில் வக்கீல் என்னைப் பார்த்தார். கெட்டிக்காரர், ஆனால் ரம்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணன் ஏற்கெனவே நோயாளி. வடிகட்டி வாங்கி வைத்து மறந்துவிட்டேன், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது என்று சொன்னால் போதும் என்றார். கவனக்குறைவு என்று ஆகிவிடும், வீட்டுக்குப் போய்விடலாம். உங்கள் மேசையில் இருக்கிற அந்தக் காகிதம் ஒன்றுதான் இடைஞ்சல். குழுவில் நான் போட்ட கட்டுரை. 'குறைந்த செலவில் தூசி உறிஞ்சி: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது.' எங்கேயோ படித்ததை அப்படியே நகல் எடுத்துப் போட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் அவரை அனுப்பிவிட்டேன்.

அது நகல் இல்லை. நான்கு நாள் உட்கார்ந்து எழுதியது. நுண்வடிகட்டி இல்லாத வாக்குவத்தின் பின்பக்கம் யாரையும் படுக்க வைக்காதீர்கள், ஏற்கெனவே நெஞ்சு பலவீனமானவர் என்றால் ஒரு வருஷம் தாங்கமாட்டார் என்று எட்டாவது பத்தியில் தெளிவாக இருக்கிறது. தேதியைப் பாருங்கள். சுவரில் துளை போட்டதற்கு முந்தின நாள். ஒரு வருஷம் என்றேன். ஏழு மாதம் ஆனது. அந்த ஒரு இடத்தில்தான் என் கணக்குப் பிசகியது.

அண்ணனைக் கொன்றேன் என்று எழுதுங்கள். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். பொழுதுபோக்காக ஏதோ தட்டிக்கொண்டிருந்தவன், அவனுக்கு என்ன தெரியும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.