ஆனி மாசம்னு ஞாபகம் வச்சுக்கோ

உக்காரு, உக்காரு. நின்னுகிட்டே அழுதா காலும் சேந்து வலிக்கும். இரு, கையக் கழுவிட்டு வந்து காபி போடறேன். பால் தீந்துபோச்சு. இத்தாலிலேர்ந்து கொண்டுவந்தேனே ஒரு குட்டிக் கெட்டில், அதுல போடறேன். கசக்கும். பரவால்லல்ல?

நாளைக்கு ஸ்கூலுக்குப் போறீங்களா, நீயும் கொழுந்தனாரும்? சரி. டீச்சர் மேல எழுதிக் குடுத்து, வேலைய விட்டே தூக்க வைக்கணுமா. சரிம்மா, நான் வேண்டாங்கல. இந்தக் குடும்பத்துலயே இத்தாலி பாஷை தெரிஞ்சவ நான் ஒருத்திதான், டீச்சர் தப்பா சொல்லிக்குடுத்தான்னு நான் வந்து சாட்சி சொல்லணும். அதுக்குத்தானே இந்த வெயில்ல வந்திருக்கே. மூக்கத் தொடை முதல்ல. பேசுவோம்.

பையன் இன்னும் கதவத் திறக்கலயா? சாப்பாட்டையாவது வாசல்ல வச்சா எடுத்துக்கறானா? அப்பாடா. பந்து ஆடற பூட்ஸ குப்பையில போட்டுட்டானா, அடப்பாவமே. புதுசாச்சே அது. என் பொண்ணா? உள்ள படிக்கறா. இல்ல, கூப்பிடாத, வரமாட்டா. பசிச்சா அவளே வந்து தட்டுல போட்டுக்குவா. நான் போட்டாத்தான் சாப்பிட மாட்டாளே, உனக்குத் தெரியாததா.

அந்த டீச்சரப் பத்தி ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. சின்னப் பொண்ணு. ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு நாடுன்னு பிரிச்சு இவளுக்கு இத்தாலியக் குடுத்துட்டாங்க. பாவம், அவளுக்கே ஒண்ணும் தெரியாது, போனப் பாத்துப் பாத்துப் படிச்சா. ஆனா ஆசையா செஞ்சா. அட்டைல அந்த நாட்ட வெட்டி சுவத்துல ஒட்டினா பாத்தியா, பூட்ஸ் போட்ட கால் மாதிரி, நுனியில ஒரு தீவு. உன் பையன் என்கிட்ட வந்து, பெரியம்மா, இந்த நாடே பந்த உதைக்குதுன்னான். நான் சிரிச்சுட்டேன். அங்க பந்தாட்டத்துக்குப் பேரே உதைதான்டா, கால்ச்சோன்னு சொல்லுவாங்கன்னேன். உடனே கேக்கறான், அதுல கால்னு வருதே, நம்மகிட்டேர்ந்து திருடிட்டாங்களான்னு. அறிவான பையன். நான் இல்லேங்கல. எனக்கு அவன் மேல ஒரு வருத்தமும் கிடையாது.

தினம் சாயங்காலம் ஓடி வந்துடுவான். அந்த ஊர் ஸ்கூல் பிள்ளைங்க இங்க வந்து மேட்ச் ஆடப் போறாங்க, கேப்டன் இவன், மைக்குல நின்னு அவங்க பாஷையில ரெண்டு வரி பேசணும், பேரும் வயசும். நல்லா பேசி நல்லா ஆடற பையன அடுத்த லீவுக்கு அந்த ஊருக்கே கூட்டிட்டுப் போவாங்கன்னு வேற பேச்சு. நீதான் தெரு பூராவும் சொல்லிட்டு வந்தியே, என் பையன் இத்தாலி போறான், அவன் ஆடப் போறான், சும்மா எடுபிடி வேலைக்கா போறான்னு. என் காதுக்கும் வந்தது. இல்ல, நான் ஒண்ணும் நினைக்கல.

அன்னிக்கு நீ முன் வரிசையில உக்காந்து போன்ல படம் புடிச்சிட்டிருந்தே. நான் பின்னால தூண்கிட்ட நின்னேன். அங்கேர்ந்து எல்லாம் தெரிஞ்சது. பத்தாம் நம்பர் சட்டை, தலைய படிய வாரி விட்டிருந்தே. வணக்கம் சொன்னான், பேரு சொன்னான். அப்புறம் ரெண்டு கையையும் தூக்கி, பத்து விரலையும் விரிச்சு, ஓ தியேச்சி ஆனின்னான். மணி மாதிரி கேட்டுச்சு. அந்த ஊர்ப் பிள்ளைங்க கொஞ்ச நேரம் முழிச்சாங்க. அப்புறம் ஒருத்தன் மூக்கால சிரிச்சான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சரிஞ்சு விழுந்துடுச்சு. அவங்க வாத்தியாரம்மாவே வாயப் பொத்திக்கிட்டாங்க.

உன் பையன் என்ன நினைச்சான் தெரியுமா? அவங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னு நினைச்சான். அதான் இன்னொரு தரம் சொன்னான், இன்னும் சத்தமா. நீயும் கை தட்டினே. ஆமா, தட்டினே, நான் பாத்தேன். அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தடிப்பையன் எழுந்து, திரும்பி நின்னு, தன் பின்பக்கத்தத் தட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரல் விட்டுக் காட்டினான் பாரு, அப்பத்தான் நம்ம பிள்ளைங்களுக்கும் விளங்குச்சு. எனக்குப் பத்து வயசுன்னு சொல்ல வந்தவன் எனக்குப் பத்து குண்டின்னு சொல்லிட்டு நிக்கறான். மேட்ச்ல அவனால எங்க ஆட முடியும்? பந்து கால்ல படும்போதெல்லாம் பத்து, பத்துன்னு கத்தினாங்க. சட்டையிலயும் அதே நம்பர். கடைசியில தன் கோல்லயே போட்டான். பிள்ளைங்கன்னா அப்படித்தான், ஒரு பேரு கிடைச்சா விடாதுங்க. எலும்புத்துண்டு கிடைச்ச நாய் மாதிரி.

அழாத. இந்தா, துண்டு. எனக்கும் அது நடந்திருக்கு, தெரியுமா? போன புதுசு. நான் பாத்துக்கிட்ட கிழவிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். இவங்களுக்கு என்ன வயசுன்னு டாக்டர் கேட்டார். எண்பத்தி நாலு ஆனின்னேன். டாக்டர், நர்ஸு, வரிசையில நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. கிழவி மட்டும் சிரிக்கல. அத்தனையும் கழுவறது இவதான், அதனால இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னா. அவங்க இன்னும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன், என்ன பண்றது. அன்னிலேர்ந்து அந்த ரெண்டு வார்த்தையும் எனக்கு மாறினதே இல்ல. அன்னின்னா வருஷம். ஆனின்னா அது. ஒரு எழுத்த அழுத்தறதுலதான் மானம் இருக்கு அந்த ஊர்ல.

என்ன கேக்கறே? ஆமா, டீச்சருக்கு அது தெரியுமான்னுதான் நானும் யோசிச்சேன். எய்தவன் இருக்க அம்ப நொந்து என்ன பண்ணன்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லிக்குடுத்திருந்தா. அன்னிக்கு, இன்னிக்குன்னு சொல்றோமே, அந்த அன்னிக்குல கு-வ மட்டும் முழுங்கிடுன்னு சொல்லியிருக்கா. இதவிட லேசா எனக்கே சொல்லத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் உன் பையன் வந்து, நீ உக்காந்திருக்கியே, அதே நாற்காலியில உக்காந்து ஒப்பிச்சான். அன்னின்னுதான் சொன்னான். சுத்தமா சொன்னான்.

நான்தான் திருத்தினேன்.

உக்காரு. நான் இன்னும் முடிக்கல. அப்படி அழுத்தாத கண்ணா, அவங்க மெல்லமாத்தான் சொல்லுவாங்க, நம்ம ஆனி மாசம் இருக்குல்ல, அப்படிச் சொல்லு, வருஷத்துல வர்ற மாசம்தானே, மறக்காதுன்னேன். டீச்சர் வேற மாதிரி சொன்னாங்களே பெரியம்மான்னான். பத்து வருஷம் அங்க இருந்தவ நானா உங்க டீச்சராடான்னேன். நீங்கதான் பெரியம்மான்னு நம்பிட்டான். படி இறங்கிப் போகும்போதும் ஆனி, ஆனின்னு சொல்லிக்கிட்டே போனான். நான் கதவச் சாத்தினேன்.

ஏன்னு கேக்கறியா. உனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லயா?

என் பொண்ண நாலு வயசுல உன்கிட்ட விட்டுட்டுப் போனேன். குளிப்பாட்டினே, தலை வாரினே, நன்றி மறக்கல. உன் பையன் ஒண்ணாங்கிளாஸ் போயிட்டிருந்தப்போ, ஒரு நாள் இவ சோறு வேண்டாம்னு அடம் புடிச்சா. வீடு நிறைய ஆள். உங்கம்மா அங்க யார் யாருக்கோ குண்டி கழுவித்தான்டி உனக்கு இந்தச் சோறு வருது, தின்னுன்னே. எல்லாரும் சிரிச்சாங்களாம். நீ விளையாட்டாத்தான் சொன்னே, தெரியும். உன் பையன் அத ஸ்கூலுக்குக் கொண்டுபோனான், அவனும் விளையாட்டாத்தான். கழுவறவ பொண்ணுன்னு இவளுக்குப் பேராச்சு. இன்னிக்கும் அதான் பேரு. இதெல்லாம் அவ எனக்கு போன்ல சொல்லல. கேக்கக்கூட இல்ல. நான் திரும்பி வந்த அன்னிக்கு, இந்த நாற்காலியிலதான் அவளும் உக்காந்திருந்தா, ஆசை ஆசையா சோறப் பிசைஞ்சு உருட்டி நீட்டினேன். என் முகத்தப் பாக்கல. கையத்தான் பாத்தா. கழுவிட்டியாம்மான்னா.

அப்புறம்தான் கேட்டு வாங்கினேன் யார் சொன்னதுன்னு.

பத்து வருஷம் கழுவினேன். வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சாலும் பத்து. அத உன் பையன் வாயாலயே, மைக்குல, நீ கை தட்டத் தட்ட ஊருக்குச் சொல்ல வச்சேன். வேற ஒண்ணும் இல்ல.

நாளைக்கு நான் கண்டிப்பா வர்றேன். டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லன்னு சாட்சி சொல்றேன். யார் செஞ்சது, எதுக்கு செஞ்சதுன்னு அவங்க கேப்பாங்க, முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லிடறேன், நீ சோறு போட்ட நாளையும் சேத்து. அதுக்கு முன்னாடி கொழுந்தனார்கிட்ட நீயே சொல்றதுன்னா சொல்லிக்க.

என்ன அப்படியே பாக்கறே, ஆறிடப் போகுது. குடி. கையக் கழுவிட்டுத்தான் போட்டேன்.