ஊருக்கு ஒரு கோட்

என் பெயர் ஹபீபா. கணவர் பெயர் இல்யாஸ், அவர் காலமாகிவிட்டார். வயது அறுபத்தொன்று. பிரிக்பீல்ட்ஸில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருக்கிறேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்பதால் கடையையும் வீட்டையும் கிள்ளானுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். என் மேல் இதுவரை எந்த வழக்கும் கிடையாது. நான் தமிழில் சொல்வதைப் போலீஸ் சார்ஜன் சுகுமாறன் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார், மலாய் மொழிபெயர்ப்பு பிறகு செய்யப்படும் என்றார். முட்டி வலிக்கு இன்னொரு நாற்காலி கேட்டேன், கொடுத்தார்கள்.

இன்று காலை கடைச் சாமான்களை விஜயன் என்பவருடைய லோரியில் ஏற்றி, நானும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் சோதனைக்காக லோரியை நிறுத்தினார்கள். சேலைக் கட்டுகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதன் பிறகு என் காலடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், நான் திறந்தேன். அதில் கட்டுக் கட்டாகப் போட்டோ நெகட்டிவ்களும், பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற அளவிலான சின்னப் படங்களும், அடியில் ஒரு கறுப்புக் கோட்டும் இருந்தன. விஜயன், "ஆன்டி, சேலைன்னுதானே சொன்னீங்க? நான் மாட்டிக்குவேன் லா," என்றார். அவருக்குப் பெட்டியைப் பற்றி எதுவும் தெரியாது. அவரையும் லோரியையும் விட்டுவிடும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன், அவருக்கு இன்னும் வேறு சவாரி இருக்கிறது.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். அத்தனையும் இலங்கை ஆட்கள், பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை, ஆண்கள் எல்லாரும் ஒரே உடையில் இருக்கிறார்கள், எனவே இது போலிப் பாஸ்போர்ட் கும்பலின் வேலையா, அந்த உடை ஏதாவது இயக்கத்தின் சீருடையா என்று கேட்டார். நான் களைத்துப் போயிருந்தேன், இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. அது சீருடை இல்லை, ஒரே ஒரு கோட்தான், இதோ பெட்டியில் கிடக்கிறதே, அதுதான் என்று சொன்னேன். தொந்தி உள்ளவருக்குப் பொத்தான் எட்டவில்லை, ஒல்லிக்குச்சிப் பையனுக்குத் தோள் தொங்குகிறது, ஒரு படத்தில் பின்னால் இழுத்துப் பிடித்த துணிக் கிளிப்பின் நுனிகூடத் தெரிகிறது, இந்த லட்சணத்தில் எந்த இயக்கம் சீருடை தைக்கும் என்று கேட்டேன். சார்ஜன் சுகுமாறன் படங்களைத் திரும்பப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவோட கல்யாணப் படத்துலயும் ஸ்டூடியோ கோட்தான் ஆன்டி," என்றார், அதை இன்ஸ்பெக்டருக்கு மலாயிலும் சொன்னார்.

பெட்டி முத்துக்குமாரு என்பவருடையது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். சண்டை முடிந்த மறு வருஷம் இந்த நாட்டுக்கு வந்தார், அகதி அட்டை வைத்திருந்தார், என் கடைக்கு மேலே பின்னறையில் வாடகைக்கு இருந்தார். எனக்குச் சொந்தமும் இல்லை, எங்கள் மார்க்கமும் இல்லை. என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நானும் அண்ணே என்றேன், அவ்வளவுதான் உறவு. அடையாள அட்டை, பாஸ்போர்ட், பெண் பார்க்கக் கொடுக்கிற படம், எதற்கென்றாலும் அந்த ஊர் ஆண்கள் அவருடைய ஸ்டூடியோவில் மாட்டியிருந்த அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்களாம். பெண்களுக்குக் கோட் இல்லை, பின்னால் நீலத் திரை மட்டும்.

சண்டை நெருங்கியபோது ஊரே கிளம்பியது என்றும், தானும் நெகட்டிவ்களை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியதாகவும் சொன்னார். ஓர் இடத்தில் கேமராவை விட்டாராம், அதன் பிறகு விளக்குகளை விட்டாராம், அதன் பிறகு சட்டி பானையையும் விட்டாராம். கடைசியில் பதுங்குகுழி வெட்டியபோது மண்மூட்டைக்குப் பை இல்லாமல் பெண்கள் தங்கள் சேலைகளை, கல்யாணக் கூறைச் சேலையைக்கூட, பையாகத் தைத்து மண் நிரப்பினார்களாம். எனக்குச் சேலை விற்கிற பிழைப்பு, இதைக் கேட்ட அன்று என்னால் கடை திறக்க முடியவில்லை. கோட்டையும் கொடு, கை இரண்டும் நல்ல பைகளாகும் என்று அவரைக் கேட்டார்களாம். அவர் கொடுக்காமல் அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், பைத்தியம் என்று ஏசினார்களாம்.

ஏன் பெயர் எழுதவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதை நானும் முத்துக்குமாருவிடம் கேட்டிருக்கிறேன். அவர், "பேர் எழுதி வைச்சால் பெட்டி ஆரிட்டை அம்பிட்டாலும் அந்த ஆளுக்குத்தான் ஆபத்து தங்கச்சி. முகம் எனக்குத் தெரியும் தானே," என்றார். இங்கே வந்த பிறகும் எழுதவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தியிருக்க வேண்டும். கொரோனா சமயத்தில் சுங்கை பூலோ ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பெயர்கள் எல்லாம் அவரோடு போய்விட்டன. இப்போது யாராவது தேடி வந்து, இது என் அண்ணன், இது எங்கள் வாத்தியார் என்று அடையாளம் சொன்னால் படத்தின் பின்னால் நான் பென்சிலால் எழுதி வைக்கிறேன். மேசையில் இருப்பவற்றில் பின்னால் பெயர் இருப்பவை எல்லாம் அப்படி எழுதியவைதான்.

கோட்டைப் பற்றியும் கேட்டார்கள். அவர் குடிவந்த புதிதில் பின்னறையிலிருந்து வியர்வை நாற்றம் தாங்கவில்லை, அவர் வெளியே போயிருந்தபோது கோட்டை எடுத்துச் சோப்புத் தண்ணீர் வாளிக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே அவர் பார்த்துவிட்டு, "தோய்க்காதேங்கோ!" என்று கத்தினார். அவர் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சொல் புரியவில்லை. நாம் துவைப்பதை அவர்கள் தோய்ப்பது என்பார்கள் என்று அதன் பிறகு சொன்னார். ஊர் ஆம்பிளையள் எல்லாரும் போட்டுக் கழற்றினது தங்கச்சி, என்று மட்டும் சொல்லிவிட்டு அதைக் கொண்டுபோய்ப் பழையபடி மாட்டினார்.

அவர் போன பிறகு பெட்டி என் தலையில் விழுந்தது. ஈரத்தில் நெகட்டிவ்கள் பூஞ்சை பிடிக்கும் என்று, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து, அது நமுத்துப் போனால் மாற்றி, என் நகையைக்கூட நான் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அலுத்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிற ஒருவர் வந்து நெகட்டிவ்களைத் தன்னிடம் கொடுத்தால் பத்திரமாக வைப்பதாகச் சொன்னார், எனக்கு அப்பாடா என்றிருந்தது. கோட்டைப் பார்த்துவிட்டு, இந்தப் பழந்துணி எதற்கு, இது ஆவணத்தில் சேராது என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்று நான் பெட்டியை எடுத்துக்கொண்டு போன காரணம் வருமாறு. போர்ட் கிள்ளானில் கிடங்கு ஒன்றில் வேலை செய்யும் குணபூசணி என்ற பெண் போன மாதம் என் கடைக்கு வந்தார். அவர் கணவர் சண்டை முடிந்த அன்று விசாரணைக்கென்று பஸ்ஸில் ஏற்றப்பட்டவர், அதன் பிறகு தகவல் இல்லை. அவர் மகள் ராஜினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். கணவரின் படம் ஒன்றுகூட இவர்களிடம் இல்லை. குணபூசணி நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மணவறைக்குப் பக்கத்தில் வைக்கப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். மாலை போடுகிற மாதிரி சட்டம் போடவா என்று நான் கேட்டுவிட்டேன். அவர், "மாலை போட மாட்டன் அக்கா. சும்மா வைப்பன். அவர் வந்து பாத்தால் கோவிக்கக் கூடாது," என்றார். அதன் பிறகு கோட்டைக் காட்டச் சொல்லி வாங்கி, காலரின் உட்பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் கடையின் மறுபக்கம் போய், மடித்திருந்த சேலைகளையே மறுபடி மடித்தேன். கிள்ளானில் படம் பெரிதாக்குகிற கடையில் இன்று கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், அவர் அங்கே வந்து காத்திருப்பார். என் கைப்பேசி உங்களிடம் இருக்கிறது, அதனால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

விசாரணை முடியும்வரை பெட்டி சாட்சிப் பொருளாக இங்கேயே இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். குணபூசணி கணவரின் நெகட்டிவ் மேல்கட்டில் சிவப்பு நூல் கட்டியிருப்பது, அதை மட்டும் கல்யாணத்துக்கு முன் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றை வெறும் விரலால் தொட வேண்டாம், ஓரத்தைப் பிடியுங்கள்.

கடைசியாகச் சார்ஜன் சுகுமாறன் நல்ல மனசோடுதான் ஒன்று கேட்டார். "கோட் ரொம்ப நாறுது ஆன்டி, மூட்டை கட்டி வெக்கறதுக்கு முன்னாடி டோபியில போட்டு எடுத்துரட்டுமா?" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்தக் கோட்டைத் தோய்க்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் 'துவைக்க வேண்டாம்' என்று எழுதினார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லைத் தவிர. 'துவைக்க' என்பதை அடித்துவிட்டுத் 'தோய்க்க' என்று எழுதச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றார் சார்ஜன். ஒன்றுதான், ஆனால் அது முத்துக்குமாரு அண்ணன் சொன்ன சொல், அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த இடத்தில் திருத்தத்துக்கு என் சுருக்கக் கையெழுத்தும், இதற்குக் கீழே என் முழுக் கையெழுத்தும் உண்மைக்குச் சாட்சியாகப் போட்டிருக்கிறேன்.

ஹபீபா