கூடாரத்தில் மாம்பழம்

யானைகளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பகல் முழுக்கச் சாப்பிடுகின்றன, தேவையில்லாமல் கதைப்பதில்லை, ஹனோவரில் எங்கள் கல்யாண வீடுகளுக்கு வருகிறவர்களைவிட ஒழுங்காக வரிசையில் போகின்றன. நீங்கள் யானையிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். நானாக இருந்தால் மாம்பழத்திலிருந்து தொடங்கியிருப்பேன்.

ஜெர்மனிலேயே சொல்லியிருக்கலாம். படித்தது இங்கேதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அக்காவை வரவழைத்துவிட்டீர்கள். நல்லது. மாமி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை.

மாமி என்றால் என் மனைவி மிதுசாவின் அம்மா, கமலநாயகி. தான்சானியாவுக்குப் பறப்பதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழத்துடன் வந்தார். இங்குள்ள தமிழ்க் கடையில் வாங்கியது. கூடவே முறுக்கு, சம்பல்.

“அம்மா, அங்க மாம்பழம் மரத்திலயே காய்க்குது,” என்றாள் மிதுசா.

“அது அவையின்ர மாம்பழம். உனக்கு ஒத்துவருமோ ஆருக்குத் தெரியும்?” என்றார் மாமி. மிதுசா தலையில் கை வைத்ததும் பெட்டியை என் பக்கம் தள்ளினார். “தம்பி, நீங்கள் உங்கட பையில வையுங்கோ. இவளுக்குச் சொல்லி விளங்காது.”

மிதுசா இங்கேயே வளர்ந்தவள். நகரசபையில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை. ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். கூடப் போனால் நானும் நிற்க வேண்டும். நான்கு வருடம் நின்றேன்.

அந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, பாத்திரம் துடைத்துக்கொண்டே, பிரிந்துவிடுவோம் என்றாள்.

“ஏன்?” என்று கேட்டேன்.

“உங்களோட இருக்கிறது, ஆளில்லாத வீட்டில இருக்கிற மாதிரிக் கிடக்கு, சேயோன். பயணத்தை இனி நிப்பாட்ட ஏலாது. போய்ட்டு வருவம். வந்த பிறகு வக்கீலைச் சந்திக்க டெர்மின் எடுத்திருக்கிறன். அம்மாவுக்கும் அப்பதான் சொல்லுவன்.”

அவள் அப்படித்தான். திருமணத்தை முறிப்பதற்கு முன் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட வேண்டும். நான் சரி என்றேன். துண்டை வாங்கி மீதிப் பாத்திரத்தைத் துடைத்தேன்.

எங்கள் ஆட்களிடம் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவராமன் அண்ணை மனைவியைப் பிரிந்தவர். இப்போது மண்டபத்தில் அவருக்குக் கிடைப்பது ஒலிபெருக்கிக்குப் பக்கத்துக் கதிரை. “ஆளிட்ட ஏதோ குறை இருந்திருக்கும்” என்று அவர் காதுபடவே சொல்வார்கள். இராசலிங்கம் அண்ணையின் மனைவி இறந்துவிட்டார். மனைவி உயிரோடு இருந்தபோது அண்ணை அவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததை யாரும் கண்டதில்லை. செத்த வீடு முடிந்த மறுநாளிலிருந்து அவர் உத்தமர். அவருடைய குளிர்பெட்டிக் கதவு மூடமுடியாத அளவுக்குக் கறி. பிரிந்தவனுக்குப் புத்தி சொல்கிறார்கள், மனைவியை இழந்தவனுக்குச் சோறு கொண்டுவருகிறார்கள். நான் இதைத் திட்டமாகச் சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

முகாம் ஒரு ஆற்றங்கரையில் இருந்தது. துணிக் கூடாரங்கள், உள்ளே நல்ல கட்டில்கள். முதல் மாலையே எங்கள் வழிகாட்டி இம்மானுவேல் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். கூடாரத்துக்குள் சாப்பாடு வைக்கக் கூடாது, அதிலும் பழம் கூடவே கூடாது. மத்தியானங்களில் யானைகள் முகாமுக்குள்ளால்தான் ஆற்றுக்குப் போகும். பழ வாசனை பட்டால் கூடாரத் துணி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு கூடாரத்திலும் கம்பத்தில் ஒரு விசில் தொங்கும். ஆபத்து என்றால் ஊத வேண்டும், காவலர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு வருவார்கள். சத்தத்துக்கு யானை விலகிவிடும்.

மிதுசா உடனே போய்ப் பைகளைக் கொட்டினாள். மாம்பழம், முறுக்கு, சம்பல் எல்லாம் சமையலறைக்குப் போயின. எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஜெர்மன்காரர்களிடம் ஒழுங்குக்காகக் கைதட்டு வாங்குவது சின்ன விஷயம் இல்லை.

பிறகு விலங்குகள். முதல் நாள் ஒவ்வொரு வரிக்குதிரைக்கும் வண்டியை நிறுத்தினோம். மூன்றாம் நாள் வரிக்குதிரைக்கு யாரும் தலை நிமிரவில்லை. ஒரு சிங்கம் மரத்தடியில் தூங்கியது, அதைச் சுற்றி அத்தனை வண்டிகள். பக்கத்து வண்டியில் ஒருவர் அதை எழுப்ப முடியாதா என்று கேட்டார். ஆசிரியருக்குப் பறவைகள் வேண்டும், அவர் மனைவிக்குச் சிறுத்தை வேண்டும். இருவரும் வெவ்வேறு பக்கம் பார்த்தபடி சண்டை பிடித்தார்கள். அதைக் கேட்டு மிதுசா சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டு நாளாகியிருந்தது. அவள் சந்தோசமாக இருந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கடைசிக்கு முதல் நாள் மத்தியானம் அவளுக்குத் தலையிடி. குளிசை போட்டுக்கொண்டு படுத்தாள்.

“நீங்கள் போய்ட்டு வாங்கோ. எனக்கு இப்ப சத்தம் ஆகாது,” என்றாள்.

சமையலறைக்குப் போய், அம்மா கொடுத்த மாம்பழத்தை மிதுசா கேட்கிறாள் என்றேன். சமையல்காரர் சந்தோசமாகக் கழுவியே தந்தார். அவள் தூங்கிவிட்டாள். ஒன்றிரண்டை நறுக்கி, எல்லாவற்றையும் அவள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். என் நோக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருமுறையாவது அவள் பிழை விட்டவளாக நிற்க வேண்டும். இம்மானுவேல் எல்லோருக்கும் முன்னால் அவளைக் கண்டிக்க வேண்டும், ஆசிரியர் தம்பதி உதட்டைப் பிதுக்க வேண்டும். கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடிவிட்டு வண்டியில் ஏறினேன்.

அன்று ஒரு பெண் சிங்கம் எருமையை வீழ்த்தியதைப் பார்த்தோம். என் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

திரும்பி வந்தபோது எங்கள் கூடாரம் கொடியிலிருந்து விழுந்த துணிபோலக் கிடந்தது. யானையில் பிழை இல்லை. அது மாம்பழத்துக்கு வந்தது. நடுவில் கட்டில் இருந்தது.

யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மிதுசா கேட்டதாகச் சமையல்காரர் சொன்னார். உங்கள் நாட்டவர்கள் சொந்தச் சாப்பாட்டை விடமாட்டார்கள் என்று முகாம் மேலாளர் மரியாதையாகச் சொன்னார். ஹனோவரில் செத்த வீட்டில் எங்கள் ஆட்கள் மரியாதை இல்லாமல் அதையே சொன்னார்கள். “எங்கட சனம் சந்திரனுக்குப் போனாலும் சோத்துப் பெட்டியோடதான் போகும்.” மிதுசாவின் தம்பி மதீசன் மட்டும் நம்பவில்லை.

“அக்கா அப்பிடிச் செய்யமாட்டா. றோட்டில ஒரு பேப்பர் போடாத மனிசி.”

“விடடா தம்பி. மாம்பழம் எண்டா ஆருக்குத்தான் மனம் கேக்கும்,” என்றார் இராசலிங்கம் அண்ணை.

அத்தனை பேரில் அவளைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது அது.

“நான்தானே குடுத்துவிட்டனான்,” என்று மாமி அழுதார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களில ஒரு பிழையும் இல்லை, மாமி,” என்றேன். அது உண்மை.

அன்றிலிருந்து சாப்பாடு வந்தது. ஆட்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு. என் குளிர்பெட்டிக் கதவும் மூடவில்லை. மாமி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து சமைத்தார், வீடு கூட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் உடுப்புகளையும் தோய்த்தார். பிரிந்துபோன மருமகனுக்கு எந்த மாமியும் உடுப்புத் தோய்க்கமாட்டார்.

ஆப்பிரிக்காவில் போட்ட காற்சட்டைப் பையில் ஒரு விசில் இருந்தது. கூடார இலக்கம் பொறித்தது. மகள் நினைவாக நான் எடுத்துவந்தேன் என்று மாமி நினைத்தார். துடைத்து, மிதுசாவின் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை மாமியை ஏற்றிக்கொண்டு போக வந்த மதீசன் அதைக் கண்டான். சேதமான கூடாரத்துக்குள் விசில் மட்டும் கிடைக்கவில்லை என்று அங்கிருந்து வந்த அறிக்கையில் படித்திருந்தான்.

“அத்தான், இது எப்பிடி உங்களிட்ட?” என்றான்.

மாமி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் சிவப்பு மூடி டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கழுவாமலே பைக்குள் போட்டார். மதீசன் நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்தான்.

மாம்பழத்தை நான்தான் வைத்தேன். சிப்பை நான்தான் மூடினேன். போகும்போது கம்பத்திலிருந்து விசிலைக் கழற்றியதும் நான்தான். அதை ஏன் எடுத்தீர்கள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

அவளுக்குத் தலையிடி. சத்தம் ஆகாது என்று அவளேதான் சொன்னாள்.